தாயின் பெயரைத் தேடி: இங்கிலாந்தின் பழைய பதிவேடுகள்

ஒரு மாணவி, பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

வரலாறு என்றவுடன் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் ஆண்டுகளை மனப்பாடம் செய்து தேர்வில் எழுதிவிட்டு மறந்தும் விடுகிறோம். ஆனால் ஆடு மேய்த்தவன், துணி வெளுத்தவள், ஆலையில் நூல் நூற்ற சிறுமி ஆகியோருக்கும் வரலாறு உண்டு. இங்கிலாந்து நாட்டில் அத்தகைய எளியவர்களின் பெயர்கள் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக எழுதி வைக்கப்பட்டுள்ளன. அந்த ஏடுகளில் பெரும்பகுதி இன்று படம் பிடிக்கப்பட்டு இணையத்தில் ஏற்றப்பட்டிருப்பதால், நம் ஊரிலிருந்தே ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்து அவற்றைப் படிக்கலாம். எந்த ஏட்டில் எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதையும், முக்கியமாக அவற்றில் பெண்களின் பெயர்கள் எங்கே ஒளிந்திருக்கின்றன என்பதையும் இக்கட்டுரையில் எடுத்துச் சொல்ல விரும்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் மூத்தவை பங்குக் கோயில் ஏடுகள். 1538ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சராயிருந்த தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு கோயிலிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று ஆணையிட்டார். அந்த ஏட்டை இரண்டு பூட்டுகள் கொண்ட பெட்டியில் வைக்க வேண்டுமாம்! முதலில் பலர் சாதாரணக் காகிதத்தில் எழுதினார்கள். அது மக்கிப் போவதைக் கண்டு 1598இல் தோல் ஏடுகளில் படியெடுக்கச் சொன்னார்கள். அப்போது எலிசபெத் அரசி பட்டமேற்ற 1558 முதல் எழுதினால் போதும் என்று சலுகை தரப்பட்டதால், பல ஊர்களின் ஏடுகள் அந்த ஆண்டில்தான் தொடங்குகின்றன. நாடகப் பேராசிரியர் ஷேக்ஸ்பியர் பிறந்த ஸ்ட்ராட்ஃபோர்டு ஊரின் ஏடும் இப்படிப்பட்டதுதான். அவர் பிறந்த நாள் எதுவென்று உறுதியாகத் தெரியாது. 1564 ஏப்ரல் 26ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார் என்பதே ஏட்டில் உள்ளது. அவ்வேட்டில் அவர் பெயர் லத்தீன் முறைப்படி குலியல்முஸ் என்று எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய தந்தையின் பெயரும் அப்பதிவில் உண்டு. தாயின் பெயர் இல்லை. வாசகியர் இதைச் சற்று மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

இந்தக் கோயில் ஏடுகளைப் பார்க்க விரும்புவோர் முதலில் ஃபேமிலிசர்ச் என்ற இணையதளத்துக்குச் செல்லலாம். பெயரைப் பதிவு செய்து கொண்டால் போதும், கட்டணம் இல்லை. தொண்டர்கள் படியெடுத்துத் தரும் ஃப்ரீரெக் என்ற தளமும் இலவசமே. லங்காஷயர் மாகாணத்துக்கென்று தனியாகத் தொண்டர் குழு ஒன்று கோயில் கோயிலாக ஏடுகளைப் படியெடுத்து வெளியிடுகிறது. அதில் கத்தோலிக்கக் கோயில்களின் ஏடுகளும் உள்ளன. ஆன்செஸ்ட்ரி, ஃபைண்ட்மைபாஸ்ட் ஆகியவை பணம் கட்டிப் பார்க்கும் பெரிய நிறுவனங்கள்.

கத்தோலிக்கரின் ஏடுகள் தனிக் கதை. 1753ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, யூதரும் குவேக்கர்களும் தவிர மற்ற அனைவரும் இங்கிலாந்து அரசுத் திருச்சபையின் கோயிலில்தான் மணம் செய்ய வேண்டும் என்றது. ஆகவே 1754 முதல் 1837 வரை கத்தோலிக்கரின் திருமணத்தைக் கூட ஆங்கிலிக்கன் ஏட்டில்தான் தேட வேண்டும். அதற்கு முந்திய அடக்குமுறைக் காலத்தில் யாருக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம் என்று எழுதி வைப்பதே குருவுக்கும் குடும்பத்துக்கும் ஆபத்தாக இருந்ததால், பழைய ஏடுகள் மிகக் குறைவு. பின்னாளில் அரசாங்கம் மற்றச் சபைகளின் ஏடுகளைக் கேட்டு வாங்கியபோதும் கத்தோலிக்கக் குருக்கள் பெரும்பாலும் கொடுக்கவில்லை. அதனால் அவை மறைமாவட்டக் காப்பகங்களிலேயே தங்கின. வெஸ்ட்மின்ஸ்டர், பர்மிங்காம் மறைமாவட்டங்களின் ஏடுகள் 2017இல்தான் ஃபைண்ட்மைபாஸ்ட் வழியாக வெளிவந்தன. இவ்வேடுகள் லத்தீனில் இருப்பது ஒரு தொல்லை. ஆனால் ஒரு பெரிய நன்மையும் உண்டு. குழந்தையின் தாயின் பெயரை எழுதி, அதன்பின் ‘ஓலிம்’ என்ற லத்தீன் சொல்லைச் சேர்த்து, அவள் திருமணத்துக்கு முன் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவள் என்பதையும் பல குருக்கள் குறித்திருக்கிறார்கள். ‘முன்பு’ என்பது அச்சொல்லின் பொருள்.

இனி அரசாங்கப் பதிவுகளுக்கு வருவோம். 1837 ஜூலை 1ஆம் நாள் முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை அரசாங்கத்தால் பதிவு செய்யப்படுகின்றன. தொடக்கத்தில் பிறப்பைப் பதியாதவருக்குத் தண்டனை எதுவும் இல்லாததால் பல குழந்தைகள் விடுபட்டுப் போயின. 1874ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகே பதிவு கண்டிப்பாயிற்று. மூன்று மாதங்களுக்கு ஒரு அட்டவணையாகத் தொகுத்திருக்கிறார்கள். ஃப்ரீபிஎம்டி என்ற இலவசத் தளத்தில் 1998 முதல் தொண்டர்கள் அந்த அட்டவணைகளைப் பொறுமையாகப் படியெடுத்து வருகிறார்கள். அட்டவணையில் பெயர், பதிவு வட்டம், தொகுதி எண், பக்க எண் ஆகியவை மட்டுமே கிடைக்கும். முழுச் சான்றிதழுக்குப் பதிவுத் தலைமை அலுவலகத்துக்குப் பணம் கட்ட வேண்டும்.

பழைய அட்டவணைகளில் பிறந்த குழந்தையின் தாய்வீட்டுக் குடும்பப் பெயர் 1911ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்துதான் இடம்பெறுகிறது. திருமண அட்டவணையில் மற்றவரின் குடும்பப் பெயர் 1912 முதல்தான் வருகிறது. ஆனால் 2016இல் பதிவுத் தலைமை அலுவலகமே புதிய அட்டவணை ஒன்றை இணையத்தில் வெளியிட்டது. அதில் 1837 முதலே பிறப்புகளுக்குத் தாயின் முன்னைய குடும்பப் பெயர் சேர்க்கப்பட்டுள்ளது. ஆராய்ச்சி செய்பவர்களுக்கு இது பெரும் வரப்பிரசாதம்.

எனக்கு மிகவும் பிடித்தவை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகளே. 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்தாலும், நாடு முழுவதும் ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டுப் பாதுகாக்கப்பட்டது 1841 முதல்தான். அந்த முதல் ஏட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள். முப்பத்து நான்கு வயதுக்காரர் முப்பது ஆகிவிடுவார்! 1851 முதல் குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, எந்த ஊரில் பிறந்தவர் என்பனவும் வருகின்றன. ஒரு குறிப்பிட்ட இரவில் அந்த வீட்டில் யார் யார் உறங்கினார்கள் என்பதே கணக்கு. வீட்டு வேலைக்காரி, விருந்துக்கு வந்த அத்தை, நேற்றுப் பிறந்து பெயரிடப்படாத குழந்தை எல்லாரும் உண்டு. மனைவியின் தொழிலுக்குரிய கட்டம் மட்டும் பெரும்பாலும் வெறுமையாயிருக்கும். காலையில் அடுப்பு மூட்டியது முதல் இரவு வரை அவர்கள் உழைத்தது தொழில் இல்லையாம்!

1911ஆம் ஆண்டு ஏடு மற்றவற்றினும் வேறானது. கணக்கெடுப்பாளரின் கையெழுத்துக்குப் பதிலாக வீட்டுக்காரரே நிரப்பிய தாளை அதில் காணலாம். மணமான பெண் எத்தனை ஆண்டுகள் மணவாழ்க்கை நடத்தினாள், உயிரோடு பிறந்த குழந்தைகள் எத்தனை, அவற்றில் இப்போது இருப்பவை எத்தனை, இறந்தவை எத்தனை என்று கேட்டிருக்கிறார்கள். பதினொன்று, ஆறு, ஐந்து என்பன போன்ற மூன்று எண்களை அந்தக் கட்டங்களில் பார்க்கும்போது, வேறு எந்த ஏட்டிலும் இல்லாத ஒரு தாயின் துயரம் தெரிந்துவிடுகிறது. வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் அந்த ஆண்டுக் கணக்கெடுப்பைப் புறக்கணித்தார்கள். அவர்களுள் எமிலி வைல்டிங் டேவிசன் என்பவர் 1911 ஏப்ரல் 2ஆம் நாள் இரவு பாராளுமன்றக் கட்டிடத்திலுள்ள சிற்றாலயத்தின் அலமாரி ஒன்றில் ஒளிந்து கொண்டார், தம் முகவரியாகப் பாராளுமன்றமே பதிவாக வேண்டும் என்பதற்காக. அப்படியே பதிவாகவும் செய்தது. அவர் தங்கியிருந்த வீட்டிலும் அவர் பெயரை எழுதிவிட்டதால் இரண்டு இடங்களில் இருக்கிறார்!

நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரே கணக்கெடுப்பு ஏடுகள் வெளியிடப்படும். 1921ஆம் ஆண்டு ஏடு 2022 ஜனவரியில் வெளிவந்தது. 1931ஆம் ஆண்டு ஏடுகள் 1942 டிசம்பரில் ஏற்பட்ட தீயில் முற்றிலும் அழிந்துவிட்டன. 1941இல் போரின் காரணமாகக் கணக்கெடுக்கவே இல்லை. இந்தப் பெரிய இடைவெளியில் கைகொடுப்பது 1939 செப்டம்பர் 29ஆம் நாள் எடுக்கப்பட்ட போர்க்காலப் பதிவேடு ஒன்றுதான். இவை எல்லாவற்றிலும் 1881ஆம் ஆண்டு ஏட்டைத்தான் புதிதாகத் தொடங்குவோர் முதலில் பார்க்க வேண்டும். அதைத் தொண்டர்கள் முழுவதும் படியெடுத்திருப்பதால் ஃபேமிலிசர்ச்சில் இலவசமாகத் தேடலாம்.

இவற்றை நான் ஏன் படிக்கத் தொடங்கினேன் என்று தோழியர் கேட்கலாம். என்னோடு படிக்கும் ஆங்கிலோ இந்தியத் தோழியின் பாட்டியார் எண்பது வயதைக் கடந்தவர். அவருடைய கொள்ளுத் தாத்தா இங்கிலாந்தில் க்ரூ என்ற ரயில் நகரத்திலிருந்து மனைவியோடு வந்து, நம் பகுதி ரயில்வேயில் எஞ்சின் ஓட்டினாராம். அவர் பெயர், பதவி, உடைமைகள் எல்லாம் குடும்பத்தில் சொல்லப்படுகின்றன. அந்த அம்மையாரைப் பற்றியோ முதற்பெயர் ஒன்றைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. நம்மிடையே மேரி என்பது எவ்வளவு சாதாரணமோ அவ்வளவு சாதாரணமான பெயர் அது. பாட்டியார் விரும்பாததால் அதை இங்கு எழுதவில்லை. “அவள் கல்லறை இங்கேதான் இருக்கிறது. அவள் யார் வீட்டுப் பெண் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லையே, கண்ணு” என்று பாட்டியார் ஒருநாள் சொன்னார். தோழியும் நானும் விடுமுறையில் தேடத் தொடங்கினோம்.

முதலில் சென்னை ஏடுகள். சென்னை, வங்கம், பம்பாய் ஆகிய மூன்று மாகாணங்களிலும் ஐரோப்பியரின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்களை ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பி வந்தார்கள். சென்னையிலிருந்து சென்ற நகல்கள் 1698இல் தொடங்குகின்றன. இன்று அவை பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன; படங்களை ஃபைண்ட்மைபாஸ்டில் காணலாம். ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தளத்தில் பல அட்டவணைகளை இலவசமாகத் தேடலாம். ராபர்ட் கிளைவ் 1753இல் மணம் செய்து கொண்டதும் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மரியன்னை ஆலயத்தில்தான். நாங்கள் தேடிய குடும்பத்தின் மூத்த குழந்தைக்கு 1882இல் ஞானஸ்நானம் கொடுத்த பதிவு கிடைத்தது. தந்தையின் முழுப்பெயரும் தொழிலும் இருந்தன. தாய்க்கு முதற்பெயர் மட்டுமே!

அப்படியானால் 1881 ஏப்ரல் 3ஆம் நாள் கணக்கெடுப்பின்போது இருவரும் இங்கிலாந்திலேயே இருந்திருக்கக் கூடும் அல்லவா? தேடினோம், க்ரூவில் ஒரு சிறிய தெருவில் இருந்தார்கள். கணவர் ஓட்டுநர் அல்லர், பட்டறையில் ஃபிட்டர் வேலை செய்திருக்கிறார். மனைவிக்கு வயது 22, பிறந்த ஊர் லங்காஷயரின் பிரஸ்டன். அவ்வூர் பருத்தி ஆலைகளுக்குப் பேர் போனது, கத்தோலிக்கர் மிகுந்தது.

அடுத்தது திருமணம். க்ரூ நகரம் அக்காலத்தில் நான்ட்விச் என்ற பதிவு வட்டத்தைச் சேர்ந்தது. ஃப்ரீபிஎம்டியில் அவ்வட்டத்தில் 1879ஆம் ஆண்டு கணவரின் பெயர் கிடைத்தது. பதிவேட்டின் ஒரு பக்கத்தில் பொதுவாக இரண்டு திருமணங்கள் இருக்கும். ஆகவே அதே பக்க எண்ணைக் கொண்ட இரண்டு பெண்களில் ஒருத்திதான் இவர் மனைவி. பார்த்தால், இருவருக்கும் ஒரே முதற்பெயர்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சான்றிதழ் வாங்கினாலன்றி இந்த முடிச்சு அவிழாது. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்திலுள்ள தோழியின் மாமா பணம் கட்டி உதவினார்.

சான்றிதழின் நகல் வந்தது. அவளுடைய குடும்பப் பெயர் தெரிந்தது. கணவர் கையெழுத்திட்டிருக்கிறார், அவளுக்கோ ஒரு பெருக்கல் குறி, எழுதத் தெரியாதவர்கள் இடும் அடையாளம். தந்தையின் பெயரும், அவர் நெசவாளர் என்பதும் இருந்தன. தாயின் பெயருக்குக் கட்டமே இல்லை. 1837இல் வகுத்த அந்தப் படிவத்தில் மணமகன், மணமகள் இருவருக்கும் தந்தையரின் பெயர் மட்டுமே கேட்கப்பட்டது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தாய்மாரின் பெயரும் திருமணப் பதிவில் சேர்க்கப்பட்டது 2021 மே 4ஆம் நாள் முதல்தான் என்று அறிந்தபோது நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கொண்டோம். நூற்று எண்பத்து மூன்று ஆண்டுகள்!

தந்தையின் பெயரும் ஊரும் கையில் இருந்ததால் 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் பிரஸ்டன் நகரத்தைத் தேடினோம். ஆறு குழந்தைகள் உள்ள வீடு. இவள் மூன்றாமவள், வயது 12. தொழிற்கட்டத்தில் பருத்தி ஆலையில் அரைநேரத் தொழிலாளி என்றிருந்தது. அக்காலத்தில் எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரை உள்ள பிள்ளைகள் அரைநாள் ஆலையிலும் அரைநாள் பள்ளியிலும் கழித்தார்கள். பாதிநாள் உழைத்துக் களைத்த பிள்ளைக்குப் பள்ளியில் தூக்கம்தான் வந்திருக்கும். அந்தப் பெருக்கல் குறிக்கு எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. அதே ஏட்டில் அவள் தாயின் முதற்பெயரும் இருந்தது.

தாயின் குடும்பப் பெயர்தான் மீதி. 1859இல் பிரஸ்டன் வட்டத்தில் அதே பெயருடன் மூன்று பெண் குழந்தைகள் பிறந்திருந்தன. பதிவுத் தலைமை அலுவலகத்தின் அட்டவணையில் மூன்றுக்கும் மூன்று தாய்வீட்டுப் பெயர்கள். ஆனால் அங்கே தாயின் முதற்பெயர் வராது. கணக்கெடுப்பிலோ முதற்பெயர் உண்டு, தாய்வீட்டுப் பெயர் இல்லை. இரண்டையும் சேர்த்துக் காட்டியது பிரஸ்டனிலுள்ள கத்தோலிக்கக் கோயில் ஒன்றின் ஞானஸ்நான ஏடு. லங்காஷயர்த் தொண்டர்களின் தளத்தில் இலவசமாகக் கிடைத்தது அது. தந்தையின் பெயர், தாயின் பெயர், ‘ஓலிம்’ என்ற சொல், அதன்பின் ஓர் அயர்லாந்துக் குடும்பப் பெயர், ஞானத்தாயின் பெயர் எல்லாம் ஒரே வரியில் இருந்தன. பாட்டியாருக்கு அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினோம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றுமுறை வாய்விட்டுப் படித்தார்.

இதில் இறங்க நினைப்பவர்களுக்குச் சில எச்சரிக்கைகள். இணையத்தில் பலர் தங்கள் குடும்ப மரத்தை எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவர் செய்த பிழையை நூறு பேர் அப்படியே படியெடுப்பதால், அதை வழிகாட்டியாகக் கொள்ளலாமே தவிரச் சான்றாகக் கொள்ளக் கூடாது. படியெடுத்த எழுத்தைப் பார்த்தவுடன் அசல் ஏட்டின் படத்தையும் பார்க்க வேண்டும். பழைய கையெழுத்தில் இரட்டை ‘எஸ்’ ‘பி’ போலத் தோன்றும். எழுத்துக்கூட்டலும் நிலையானதன்று. எழுதத் தெரியாதவர் தம் பெயரைச் சொல்ல, கேட்டவர் தம் காதுக்கு எட்டியபடி எழுதினார். 1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25ஆம் நாள் பிறந்ததால், அதற்கு முந்திய பிப்ரவரிப் பதிவுகளில் ஆண்டைக் கவனமாகக் கொள்ள வேண்டும். உயிரோடிருப்பவர்களின் விவரங்களை எங்கும் வெளியிடக் கூடாது. 1939ஆம் ஆண்டுப் பதிவேட்டிலேயே நூறு ஆண்டுக்குள் பிறந்தவர்களின் வரிகள், அவர்கள் இறந்தது தெரியவந்தாலன்றி, மறைக்கப்பட்டுள்ளன. பணத்தைப் பொறுத்தவரை, இலவசத் தளங்களில் முடிந்த அளவு தேடிய பிறகே கட்டணத் தளத்துக்குச் செல்வது நல்லது. எங்கள் தேடலில் பெரும்பகுதிக்குச் செலவில்லை.

பிரஸ்டன் வீட்டின் தாய்க்கு 1871ஆம் ஆண்டு ஏட்டில் பிறந்த இடம் ‘அயர்லாந்து’ என்று ஒரே சொல்லில் எழுதப்பட்டுள்ளது. எந்த மாகாணம், எந்த ஊர் என்று கணக்கெடுப்பாளர் கேட்கவில்லை போலும். அயர்லாந்தின் பழைய கணக்கெடுப்பு ஏடுகளில் பெரும்பாலானவை 1922இல் டப்ளினில் நடந்த போரில் காப்பகத்தோடு எரிந்து போயின. அவற்றுக்குப் பிந்திய சிலவற்றை அரசாங்கமே முன்னதாக அழித்துவிட்டது. ஆனால் கத்தோலிக்கப் பங்கு ஏடுகளின் படங்களை அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இலவசமாக வழங்குகிறது. எந்தப் பங்கு என்று தெரிந்தால் போதும். அதற்கு அந்தத் தாயின் திருமணச் சான்றிதழில் ஏதேனும் குறிப்புக் கிடைக்கலாம். அவளுடைய தந்தையின் பெயராவது கட்டாயம் இருக்கும். பெர்த் மாமா அதற்கும் பணம் கட்டியிருக்கிறார். இந்த ஆண்டு மலர் அச்சுக்குப் போகும்வரை தபால் வரவில்லை.